கத்தரிக்கோலா, குறடா?

2006-இல் சுவிட்சர்லாந்தின் வெங்கர் நிறுவனம் ஒரு மடக்குக்கத்தியை வெளியிட்டது. அதில் 87 கருவிகள் இருந்தன. அவற்றால் 141 வேலைகள் செய்யலாம் என்றார்கள். எடை ஒரு கிலோவுக்கு மேல். சட்டைப்பைக்குள் போகாது, இடுப்பில் மாட்டினால் வேட்டியே இறங்கிவிடும், கையில் பிடித்து ஒரு தக்காளியை நறுக்கவும் வராது. கின்னஸ் புத்தகத்தில் மட்டும் இடம் கிடைத்தது. விளம்பரத்துக்காகச் செய்த பொருள் என்று பார்த்தாலே தெரிகிறது. ஆனாலும் மல்டி டூல் வாங்கக் கிளம்புகிற பெரும்பாலோர் கடையில் முதலில் கேட்பது "இதில் எத்தனை இருக்கிறது?" என்பதைத்தான். கடைக்காரர்களும் 11 இன் 1, 18 இன் 1, 24 இன் 1 என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டு அந்தக் கேள்விக்கே பதில் வைத்திருக்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்பது என் கட்சி. நல்ல கருவிகள் எல்லாம் ஏதோ ஒரு குறிப்பிட்ட வேலைப் பட்டியலிலிருந்து பிறந்தவை. சுவிஸ் ராணுவம் 1889-இல் புதிய துப்பாக்கிக்கு மாறியது. அதைப் பிரித்துத் துடைக்க ஸ்க்ரூ டிரைவர் தேவைப்பட்டது. சிப்பாய்க்குத் தரப்பட்ட உணவு தகர டப்பாவில் வந்ததால் டப்பா திறப்பானும் வேண்டியிருந்தது. இவற்றோடு ரொட்டி அறுக்க ஒரு அலகு, தோலிலும் மரத்திலும் துளையிட ஓர் ஊசி. இந்த நான்கும் சேர்ந்ததுதான் 1890-ஆம் ஆண்டு மாதிரி சிப்பாய்க் கத்தி. அவ்வளவு கத்திகளைச் செய்துதரும் பட்டறை அப்போது சுவிட்சர்லாந்தில் இல்லாததால் முதல் தொகுதி ஜெர்மனியின் ஸோலிங்கனிலிருந்து வந்தது. இபாக் என்ற ஊரில் 1884 முதல் பட்டறை நடத்திவந்த கார்ல் எல்ஸெனர் 1891-இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். 1897-இல் அவர் பதிவுசெய்த அதிகாரிகள் கத்திதான் இன்றைய சிவப்புக் கத்திகளின் மூதாதை. அவருடைய பட்டறையே பின்னாளில் விக்டோரினாக்ஸ் ஆனது. போட்டி நிறுவனமான வெங்கரையும் அது 2005-இல் வாங்கிவிட்டது.

இன்னொரு பட்டியல் ஒரு பழைய காரிலிருந்து வந்தது. அமெரிக்கப் பொறியியல் பட்டதாரி டிம் லெதர்மேன் 1975-இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் 600-இல் ஐரோப்பாவையும் மேற்கு ஆசியாவையும் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது. தங்கிய மலிவு விடுதிகளில் குழாய் ஒழுகியது. கையிலிருந்ததோ சாரணர் கத்தி. ரொட்டி வெட்டவும் சிறு பழுது பார்க்கவும் அது போதுமானதாக இருந்தது; ஒரு நட்டைப் பிடித்துத் திருக வேண்டிய இடத்தில் கைவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் குறடு உள்ள கத்தி ஒன்றை உருவாக்கப் பல ஆண்டுகள் உழைத்தார். 1980-இல் காப்புரிமை கிடைத்தது. கத்திக் கம்பெனிக்காரர்களும் கருவிக் கம்பெனிக்காரர்களும் இது தங்கள் சரக்கு அல்ல என்று ஒதுக்கவே, நண்பரோடு சேர்ந்து 1983-இல் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் தாமே தொழில் தொடங்கினார். இன்று குறடு நடுவிலும் மற்றவை கைப்பிடிக்குள்ளும் மடங்கிக் கிடக்கும் எந்தக் கருவியைப் பார்த்தாலும் அது அந்த ஃபியட் காரின் வாரிசு.

நம் பக்கத்திலும் இந்த வழக்கம் புதிதல்ல. அரைஞாணில் ஒரு வளையம் மாட்டி, அதில் முள்வாங்கியையும் காதுக்குறும்பி எடுக்கும் சிறு கரண்டியையும் கோத்துத் தொங்கவிட்ட பெரியவர்கள் கிராமங்களில் இருந்தார்கள். செருப்பில்லாத காலும் கருவேலங்காடும் சேர்ந்தால் என்ன வேண்டுமோ அதுதான் அந்த வளையத்தில் இருந்தது. எண்ணிக்கை இரண்டோ மூன்றோதான்.

ஆக, இன்று ஒருவர் முதலில் முடிவெடுக்க வேண்டியது கத்தரிக்கோல் வழியா, குறட்டு வழியா என்பது. இரண்டையும் சமமாகச் செய்யும் கருவி இருக்கிறதென்று விளம்பரங்கள் சொல்லும். கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்று மற்றொன்றுக்கு இடம்விட்டு ஒடுங்கியிருப்பது தெரியும். விக்டோரினாக்ஸின் 91 மி.மீ. கத்திகளில் கத்தரிக்கோல் அற்புதமாக வெட்டும். அதே அளவுக் கத்தியில் குறடு சேர்த்த டீலக்ஸ் டிங்கர் போன்றவற்றில் அந்தக் குறடு சிறிய கம்பியை வளைக்கலாம், மூக்குத்தித் திருகைப் பிடிக்கலாம், அதற்கு மேல் அழுத்தினால் கை வலிக்கும். லெதர்மேன் வேவில் நிலைமை தலைகீழ். குறடு ஸ்பேனருக்குப் பதிலாகவே நிற்கும். கத்தரிக்கோலோ விரல் நுனியால் இயக்க வேண்டிய ஒரு துணுக்கு. நூல் வெட்டும், நகம் வெட்டும், துணி என்றால் திணறும்.

அன்றாடப் பைக்கு வேண்டியது கத்தரிக்கோல்தான் என்று தயங்காமல் சொல்வேன். நகரத்தில் ஒரு நாளில் கை தேடும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். பால் பாக்கெட், கூரியர் பெட்டியின் டேப், புதுச் சட்டையின் விலைச்சீட்டு, மாத்திரை அட்டை, பிரிந்து தொங்கும் நூல், பிளாஸ்திரி, உடைந்த நகம். இவை எல்லாவற்றுக்கும் கத்தி உதவும், ஆனால் கத்தரிக்கோல் இன்னும் நன்றாக உதவும், அதுவும் யாரையும் திடுக்கிட வைக்காமல். ஓடும் பேருந்தில் குழந்தையின் பிஸ்கட் பாக்கெட்டைக் கத்தரிக்கோலால் திறந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதையே மூன்றங்குலக் கத்தியை விரித்துச் செய்து பாருங்கள். அடுத்த இடம் மூக்குக்கண்ணாடித் திருகுக்கான மிகச்சிறிய ஸ்க்ரூ டிரைவருக்கு. விக்டோரினாக்ஸில் கார்க் திருகியின் சுருளுக்குள் அதைத் திருகி வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் கார்க் திருகிக்கு இருக்கும் ஒரே நியாயமான உபயோகம் அதுதான் என்று சொன்னால் சிலர் கோபிப்பார்கள். இறுகிப்போன முடிச்சை அவிழ்க்கவும் அது உதவும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

விக்டோரினாக்ஸின் 58 மி.மீ. கிளாசிக் சுமார் 21 கிராம். சாவிக்கொத்தில் தொங்குவதே மறந்துவிடும். வேவ் 241 கிராம். ஒரு செல்போனைவிடக் கனம். இதை இடுப்பில் உறை போட்டு மாட்டலாம். சில நாள் பெருமையாக மாட்டிக்கொண்டு திரிவார்கள், பிறகு அது மேஜை இழுப்பறைக்குப் போய்விடும். வீட்டில் ஏற்கெனவே கட்டிங் பிளேயர் இருக்கிறவர்களுக்கு இழுப்பறையில் இன்னொரு குறடு எதற்கு?

குறட்டு வழிக்கும் நியாயமான ஆட்கள் உண்டு. முதலாவது பைக்கில் நெடுந்தூரம் போகிறவர்கள். கிளட்ச் கேபிள் இழுபட்டுப்போனால், கண்ணாடித் தண்டு ஆடினால், டயரில் ஆணி ஏறியிருந்தால் கத்தரிக்கோல் வேடிக்கைதான் பார்க்கும். இரண்டாவது கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள். வளைந்த கூடார முளையை நிமிர்த்த, அடுப்பிலிருந்து கைப்பிடியில்லாப் பாத்திரத்தை இறக்க, ஷூவின் அடிப்பாகத்தில் புதைந்த சீமைக்கருவேல முள்ளை உருவக் குறடு வேண்டும். இவற்றைவிட முக்கியமான ஒன்று ஜிப். முதுகுப்பையின் ஜிப் பல் சேராமல் வாய் பிளந்து நின்றால் குற்றம் பெரும்பாலும் பல்லில் இல்லை, பற்களைக் கோக்கும், தேய்ந்து அகன்றுவிட்ட ஓடியில் இருக்கிறது. ஓடியின் இரு ஓரங்களையும் குறட்டால் மெல்ல, மிக மெல்ல அழுத்தினால் மறுபடியும் பல் கடிக்கும். மழையில் நனைந்த மலைப்பாதையில் இந்த ஒரு வேலைக்காகவே 241 கிராம் தகும். இன்னும் இலேசாக வேண்டுமென்றால் லெதர்மேனின் ஸ்கெலிடூல் இருக்கிறது, 142 கிராம். அதில் கத்தரிக்கோல் கிடையாது. அதே நிறுவனத்தின் விங்மேனில் வில் வைத்த நல்ல கத்தரிக்கோல் உண்டு; அதன் இரட்டைப் பிறவியான சைட்கிக்கில் அந்த இடத்தில் ரம்பம் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். பார்த்து வாங்க வேண்டும்.

குழுவாகப் போகும்போது ஆளுக்கொரு குறடு சுமப்பது வீண். ஒருவர் பையில் ஒன்று இருக்கட்டும். மற்றவர்கள் சாவிக்கொத்தில் கத்தரிக்கோல் வைத்துக்கொள்ளட்டும். கொப்புளத்துக்கு ஒட்டும் டேப்பை வெட்ட எல்லோருக்கும் அது வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் நம் வீடுகளில் ஸ்விட்ச் போர்டைத் தாங்களே கழற்றுகிறவர்கள் அதிகம். டபாரியா போன்ற சாதாரண கட்டிங் பிளேயரின் கைப்பிடியில் காப்பு உறை இருக்கிறது. மல்டி டூலின் கைப்பிடி வெறும் எஃகு. 230 வோல்ட் ஓடும் கம்பியை அதனால் தொட்டால் கம்பிக்கும் உங்களுக்கும் நடுவே எதுவும் இல்லை. மெயினை அணைத்த பிறகும்கூட நான் அதை அங்கே கொண்டுபோகமாட்டேன். கடினமான வில்கம்பியையும் தூண்டில் முள்ளையும் அதன் வெட்டுவாயில் வைத்து நெரிப்பதும் கூடாது. வாய் பல்போய்விடும். வேவ் பிளஸ் முதலிய மாதிரிகளில் அந்த வெட்டுவாயை மட்டும் கழற்றி மாற்றலாம், பழையவற்றில் முடியாது.

எஃகின் ரகத்தைப் பற்றி இந்த உலகத்தில் நடக்கும் சண்டைக்கு அளவே இல்லை. என் கருத்தில் அது பாதிக்குமேல் வெட்டிப்பேச்சு. விக்டோரினாக்ஸின் அலகு ராக்வெல் அளவையில் 56 அளவு கடினம். அதைவிடக் கடினமான எஃகுகள் கூர்மையை அதிக நாள் காக்கும், ஆனால் மழுங்கினால் தீட்டுவதற்கு வைரக்கல்லைத் தேட வேண்டும். 56 உள்ளதைப் பீங்கான் கோப்பையின் அடியில், மெருகு பூசாத வளையத்தில் தேய்த்தே கூராக்கிவிடலாம். நம்மில் பலர் கத்தியைத் தீட்டுவதேயில்லை என்பதால் எளிதில் தீட்டக்கூடியதுதான் நல்லது. கடலோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. துருப்பிடிக்காத எஃகும் உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாக அரிக்கும். ராமேஸ்வரத்துக்கோ மகாபலிபுரத்துக்கோ போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, மூட்டுகளில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஊட்டிக் குளிரில் உறைந்து கருவியே திறக்காது.

கத்தி அலகில் பூட்டு வேண்டுமா என்பதும் பெரிய விவாதம். பூட்டில்லாத அலகு முதுகுப்புற வில்லின் அழுத்தத்தில் நிற்கிறது. அறுக்கும்போது அது போதும். குத்தினால், அல்லது அலகின் முதுகில் தட்டினால், விரல்மேல் மடங்கும். பூட்டு அதைத் தடுக்கும். ஆனால் அந்தப் பூட்டே சில நாடுகளில் உங்களைச் சட்டத்தில் மாட்டிவிடும். பிரிட்டனில் மூன்றங்குலத்துக்குக் குறைந்த, பூட்டில்லாத மடக்குக்கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். பூட்டு இருந்தால் அலகு எவ்வளவு சிறிதானாலும் பொதுவிடத்தில் அதை வைத்திருப்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். லண்டனில் இருக்கும் தம்பிக்கு ஊரிலிருந்து லெதர்மேன் வாங்கிக்கொண்டு போகிற அண்ணன்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திக்குக் கெடுபிடி. ஜப்பானில் ஆறு சென்டிமீட்டரைத் தாண்டினால் காரணம் கேட்பார்கள்.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான் ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் வயலுக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவை அதிலும் விலக்கு. அந்தக் கணக்கில் எந்த மல்டி டூலும் தப்பிவிடும். தேர்தல் நேரச் சோதனையில் நிற்கும் காவலரிடம் இந்த விதியை ஒப்பிப்பது வேறு விஷயம். பையின் அடியில் போட்டுவைப்பதே புத்திசாலித்தனம்.

ஆனால் மலையேறப் போகிறவர்களில் பலர் அறியாத சட்டம் இன்னொன்று இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் வில், அம்பு, கண்ணி, வலை ஆகியவற்றோடு கத்தியும் இருக்கிறது. அளவு எதுவும் குறிப்பிடவில்லை. அதன் 31-ஆம் பிரிவு, தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துமூல அனுமதியின்றி சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது. முதுமலையிலும் ஆனைமலையிலும் களக்காடு முண்டந்துறையிலும் நடக்கிறவரின் பையில் இருக்கும் சிவப்புக் கத்தி, எழுத்துக்கு எழுத்துப் படித்தால், இந்த விளக்கத்துக்குள் வந்துவிடும். ஆப்பிள் நறுக்க வைத்திருக்கும் கத்திக்காக யாரையும் பிடித்து உள்ளே போடுவதைப் பற்றி நான் பேசவில்லை. கேட்டால் சொல்வதற்கும், கேட்கும் முன்பே வனக்காவலரிடம் காட்டிவிடுவதற்கும் தயாராக இருக்க வேண்டும் என்கிறேன். அல்லது லெதர்மேன் ஸ்டைல் பி.எஸ். போன்ற கத்தியில்லாத கருவியைக் கொண்டுபோகலாம். அது சுமார் 45 கிராம். குறடும் கத்தரிக்கோலும் இருக்கும், அலகு இருக்காது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ரம்பம். விக்டோரினாக்ஸின் மர ரம்பம் உண்மையிலேயே ஒரு சாதனை. இழுக்கும்போது வெட்டும், மரத்தில் சிக்காது. மேல்நாட்டுப் புத்தகங்கள் எல்லாம் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகின்றன, ஏனென்றால் அங்கே பல காடுகளில் விறகு பொறுக்கித் தீமூட்டிச் சமைக்கலாம். நம் காப்புக்காட்டில் மரம் வெட்டுவதும் தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். அதன்பின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் மலையேறுவதற்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2024-இல் வனத்துறை 40 பாதைகளை முறைப்படுத்தி, உள்ளூர் மக்களையே வழிகாட்டிகளாக வைத்துத் திறந்துவிட்டது. இந்தப் பாதைகளில் ரம்பத்துக்கு வேலையே இல்லை. விக்டோரினாக்ஸ் ஹண்ட்ஸ்மேனில் ரம்பம் இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். கத்தரிக்கோலும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும் உள்ள சூப்பர் டிங்கர் நம் ஊருக்குப் பொருத்தம். இளநீர் சீவ எதுவும் உதவாது, அதற்கு அரிவாள்தான்.

உயிர் பிழைக்க உதவும் என்று சொல்லி விற்கிறார்களே என்று கேட்கலாம். அதற்கு எல்லோரும் காட்டும் சாட்சி ஆரன் ரால்ஸ்டன். 2003 ஏப்ரலில் யூட்டா மாநிலத்தின் புளூ ஜான் பள்ளத்தாக்கில் பாறை விழுந்து வலக்கை சிக்கிக்கொள்ள, ஐந்து நாளுக்கு மேல் கிடந்து, எலும்பை உடைத்து, கையில் இருந்த மலிவான மழுங்கல் மல்டி டூலால் தன் முன்கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தவர். 2010-இல் டேனி பாயில் எடுத்த '127 ஹவர்ஸ்' படத்துக்கு நம் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்து, அது ஆஸ்கர் பரிந்துரைக்கும் போனது. படத்தின் தொடக்கத்தில் அலமாரியின் மேல்தட்டைத் துழாவும் கைக்கு நல்ல சுவிஸ் கத்தி எட்டாமல் போய்விடும். விலை உயர்ந்த கருவி வாங்கு என்று இதிலிருந்து பாடம் எடுக்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் பெரிதாகத் தெரிவது வேறு: போகும் இடத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் எந்த அலகும் தேவைப்பட்டிருக்காது.

மலிவுப் பொருளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நடைபாதையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 11 இன் 1 கருவியைக் கையில் வாங்கிக் குறட்டை மூடி விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வாய் முழுவதும் பொருந்தாமல் வெளிச்சம் கசியும். கைப்பிடியைப் பக்கவாட்டில் ஆட்டினால் மூட்டு ஆடும். ஒரு கருவியை இழுத்தால் பக்கத்திலிருப்பதும் சேர்ந்து எழும். இந்த மூன்று சோதனையிலும் தேறினால் பெயர் தெரியாத கம்பெனியாக இருந்தாலும் வாங்கலாம். சீனாவின் நெக்ஸ்டூல், கான்ஸோ போன்றவற்றில் விலைக்குமேல் தரமுள்ளவை கிடைக்கின்றன. லெதர்மேன் வேவ் இந்தியாவில் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. 25 ஆண்டு உத்தரவாதம் உண்டு. ஆனால் உத்தரவாதத்துக்காகக் கருவியை எங்கே அனுப்ப வேண்டும், போகவர யார் செலவு என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் பாதி விலைக்கு வரும் "சுவிஸ்" கத்தியின் அலகு அடியில் நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். வெறும் சிவப்புக் கைப்பிடியும் சிலுவையும் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

கடைசியாக விமானம். நம் நாட்டு விமான நிலையங்களில் கைப்பையில் கத்தி அலகு போகாது. செக்-இன் பெட்டியில் போகும். சாவிக்கொத்தில் தொங்கும் 21 கிராம் கத்தியை மறந்து பாதுகாப்பு வரிசையில் பறிகொடுத்தவர்கள் எண்ணற்றோர். 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த விமானத் தாக்குதல்களுக்குப் பிறகு விமான நிலையக் கடைகளிலிருந்து சிறு கத்திகள் மறைந்தபோது விக்டோரினாக்ஸின் வியாபாரம் பெருமளவு விழுந்தது. 2013-இல் அமெரிக்கா சிறு கத்திகளை மீண்டும் அனுமதிக்க முயன்று, விமானப் பணியாளர்களின் எதிர்ப்பால் பின்வாங்கியது. இப்போது அந்நிறுவனத்தை நடத்தும் நான்காம் தலைமுறை கார்ல் எல்ஸெனர், கத்தி அலகே இல்லாத கருவிகளை உருவாக்கிவருவதாக 2024-இல் சொன்னார். பல நாடுகளில் கடுமையாகிவரும் சட்டங்கள்தான் காரணம். செய்தி வந்ததும் பழைய ரசிகர்கள் துக்கம் கொண்டாடினார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தக் கருவி கடைக்கு வந்தால் நான் முதலில் திறந்து பார்ப்பது அதன் கத்தரிக்கோலைத்தான்.